கனம் போன இடம்

கூடைக்காரர் பட்டறையில் செய்த மரக்கூடையில் எதை வைத்தாலும் கனக்காது. பூசணிக்காய் வைத்தாலும் சரி, ஈர மண்ணை அள்ளிப் போட்டாலும் சரி, தூக்குகிற கைக்குக் கூடையின் கனம் மட்டும்தான் தெரியும். அதுவும் ஒரு ஜோடிச் செருப்பின் கனத்துக்கு மேல் இராது. இன்ன காய் இன்ன விலை என்று சொல்வதுபோல ஊரில் அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். தோட்டம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். தோட்டம் இல்லாதவர்கள் விறகுக்கும் ஈரத்துணிக்கும் வாங்கினார்கள். சிலர் பழைய இரும்பைப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு மறந்தே போனார்கள். இந்தக் கனமெல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் இருபத்திரண்டு வருடம் ஒருவரும் கேட்கவில்லை. காணாமல் போனது காசாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

பட்டறை என்பது அவர் வீட்டின் முன்கூடம்தான். மரத்தை நார் ஓடும் திசையிலேயே பிளந்து, வெளிப்பக்கம் பட்டையை அப்படியே விட்டு, உட்பக்கத்தை மட்டும் செதுக்குவார். அதற்கு ஒரு நீளப் பலகையில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, அடியிலிருக்கும் கட்டையைக் காலால் மிதித்து மரத்தை இறுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியைத் தன் வயிற்றை நோக்கி இழுப்பார். செதுக்கிய துண்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து நீராவியில் வேகவிட்டு, வெளியே எடுத்ததும் பத்து எண்ணுவதற்குள் அச்சில் வளைத்துவிட வேண்டும். பதினொன்று என்றால் முறிந்துவிடும். விளிம்புக்கு ஒரு வளையம், கைப்பிடிக்கு ஒரு வளையம், ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக. அதுவரை அவர் வேலை. அதற்குமேல் அவர் மனைவியின் வேலை. தொட்டியில் ஊறிய ஏழு மெல்லிய பலகைகளை, நடுப்பலகையில் தொடங்கி இருபுறமும் படகுபோல வளைத்து ஏற்றி, விளிம்போடு சேர்த்துச் செம்பு ஆணி அடிப்பாள். ஆணி முனை மடங்குவதற்காக அடியில் ஓர் இரும்புக் கட்டை கிடக்கும். முழங்காலால் பலகையை அமுக்கி, இடது கையால் பிடித்து, வலது கையால் சுத்தியல் போட்டால் ஆணி எடுக்கக் கை மிச்சமில்லை. அதனால் இருபது முப்பது ஆணிகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளுவாள். செம்புக் களிம்பு ஏறி அவள் பல்லோரம் பச்சையாக இருக்கும். கூடை முடிந்ததும் அவர் அடிப்பலகையில் தன் முத்திரையைச் சூட்டுக்கோலால் பதிப்பார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கல்யாணமான முதல் வருடம் அவர்கள் கட்டில் உடைந்தது. புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் கட்டில் உடைந்தால் தெரு என்ன பேசுமோ அதையெல்லாம் பேசிச் சிரித்தது. அடுத்து நாற்காலி உடைந்தது. அதன்பின் கிணற்றடிச் சிமெண்டில் அவள் பாதம் பதிந்து ஐந்து விரலும் தெளிவாக விழுந்தது. அவளோ ஒல்லியான பெண். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை பத்து வருடம் கழித்தும் தொளதொளவென்றுதான் இருந்தது. மருத்துவர் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார். இயந்திரம் அன்றோடு போயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக்கொடுத்தார். அவள் டானிக்கைக் குடித்தாள். உடம்பு முழுக்க ஊர்ப்பட்ட அசதியாக இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். மனைவி பிரசவப் படுக்கையில் இருந்த அந்தப் பதினைந்து நாளில் ஒரே ஒரு கூடைக்கு மட்டும் கூடைக்காரரே ஆணி அடித்தார். ஆணிகளை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். அந்தக் கூடையைத் தையல்காரர் மனைவி மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். நாலு முட்டைக்கோஸ் வைத்தால் நாலு முட்டைக்கோஸ் கனம் கனக்கிறது, இது என்ன போலியா என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். கூடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். அதே மரம், அதே அச்சு, அதே முத்திரை. வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோடரியால் பிளந்து நீராவி அடுப்பில் போட்டார். அன்றிலிருந்து அவர் சுத்தியலைத் தொடவில்லை. ஆணி அடிக்கிற வேலை உன் கைக்குத்தான் வரும், எனக்கு வராது என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்பதால் பல வருடம் அதை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அதன்பின் வருடங்கள் ஓடின. ஐந்தாம் வருடம் அவள் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். ஏழாம் வருடம், தரை முனகுகிற சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று கூடைக்காரர் தன் கட்டிலை மாடிக்கு மாற்றிக்கொண்டார். மகளின் வகுப்பறை பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில் இருந்ததால் அவள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. மகள் மேலேயிருந்து கையசைப்பாள், இவள் கீழே சரளையில் கணுக்கால் புதைய நின்று கையசைப்பாள். கூடைகள் உள்ளூருக்கே சரியாக இருந்தாலும் கூடைக்காரர் பேர் வெளியூர்களுக்கும் பரவியது. வருகிறவர்களுக்கு ஒரு வித்தை காட்டுவார். ஆணி மடக்கும் அந்த இரும்புக் கட்டையை, எழுபது கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்கிக் கூடையில் வைப்பார்கள். அவர் கைப்பிடியில் சுண்டுவிரலைக் கொடுத்து அலட்சியமாகத் தூக்குவார். எல்லாம் மரத்தின் ராசி, கைராசி என்பார். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகளுக்குப் பதினெட்டு வயதானபோது ஆற்றுக்கு அப்பால் ஒரு நாள் பயணத்தில் இருக்கும் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மணமேடைப் பலகை தாங்காது என்று அவள் கீழே நின்றே அட்சதை போட்டாள். புறப்படும்போது மகள் கையில் ஒரு சின்னக் கூடையைக் கொடுத்தாள். செதுக்கியது, வளைத்தது, ஆணி அடித்தது எல்லாம் அவளே. அதில் முத்திரை இல்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது எடைமேடைக்காரர். ஊர் எல்லையில் லாரிகளை எடைபோடும் இரும்பு மேடைக்கு அவர்தான் பொறுப்பு. ஓர் எண் சரியாக வரவில்லை என்றால் சோறு இறங்காத மனுஷன். தெரு மண்ணில் கால் புதைகிறது என்று கூடைக்காரர் மனைவி ஒருநாள் அந்த மேடை வழியாகக் குறுக்கே நடந்தாள். முள் இரண்டு டன் முந்நூறு காட்டியது. மேடையில் லாரி எதுவும் இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நடக்கச் சொன்னார். அப்புறம் ஒரு மாதம் அவளைத் தினமும் வரச் சொல்லி எழுதிவைத்தார். அடைமழை நாளில் குறைந்தது, அறுவடைக் காலத்தில் ஏறியது. கடைசியில் அவளை மேடையில் நிறுத்திவிட்டு, தன் வீட்டுக் கூடையில் இருபது கிலோ எடைக்கல்லை வைத்தார். முள் சரியாக இருபது கிலோ ஏறியது. எடுத்தார், இறங்கியது. மூன்று தடவை செய்துவிட்டு, கையிலிருந்த நோட்டை மூடினார்.

"ஊர்ச் சுமை மொத்தமும் உங்க மேலதான்மா நிக்குது. எப்படின்னு கேக்காதீங்க. எண்ணு பொய் சொல்லாது."

எப்படி என்று அவளுக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே விளங்கிவிட்டது. பிரசவப் படுக்கையில் கேட்ட தையல்காரர் மனைவியின் சத்தம் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு கூடையின் ஆணி மட்டும்தான் தன் வாயில் கிடக்கவில்லை. அன்று மாலை பழக்கத்தில் ஆணிகளைக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள், முன்கூடத்தில் செதுக்கிக்கொண்டிருந்த கணவன் எதிரில் போய் நின்றாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "பாப்பா பொறந்த வருஷத்துலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீதான் ஒண்ணும் சொல்லலையே. தாங்குற, சரின்னு விட்டுட்டேன்."

பத்தொன்பது வருடம் ஆகிறது என்று அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. கன்னத்தில் அடக்கியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, அவர் மடியில் கிடந்த மரச்சீவலின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதோடு ஆணி அடிப்பதை நிறுத்தினாள். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு கூடைகள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்விட்டிருந்தன. விற்காமல் பதினொன்று பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த நேரத்தில்தான் மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது. எடைமேடை அலுவலகத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு, நீ வந்து பக்கத்தில் இருந்தால் போதும்மா, வேறு எதுவும் வேண்டாம் என்றாள். போக ஒரே வழி ஆற்றுப்பாலம். நடுவில் ஒரு கல்தூண், அதிலிருந்து இரண்டு கரைக்கும் பலகை. ஆட்களும் சைக்கிளும் மட்டும் என்று அறிவிப்பு வைத்திருப்பார்கள். இரண்டு டன்னைப் பலகையும் தாங்காது, படகும் தாங்காது. அவள் பாலத்தைத் தாண்டும்வரை, ஒரு மணி நேரம் மட்டும், ஊரார் கூடைகளைக் காலி செய்து கவிழ்த்து வைத்தால் அவள் போய்விடலாம். நீங்கள் வந்து சொல்லுங்கள், உங்கள் பேச்சை மதிப்பார்கள் என்று கணவனிடம் கேட்டாள். அவர் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். அவளே வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஈரத் தெருக்களில் முழங்கால்வரை புதைந்து புதைந்து, பதினாறு நாள் ஆயிற்று. எந்த வீட்டிலும் முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள், ஐயோ பாவம் என்றார்கள். தையல்காரர் மனைவி கண்ணீரே விட்டாள். "எங்க ஒரு கூடையில என்னம்மா ஆயிடப்போவுது? இருந்தாலும் உங்களுக்காகக் கவுத்து வச்சிடுறேன்" என்றாள். அதே வாக்கியத்தை அவள் நானூற்றுப் பன்னிரண்டு வாசலிலும் கேட்டாள். கூடைக்காரரும் பதினொரு கூடைகளை உயரமான கொக்கியில் கவிழ்த்து மாட்டுவதாக ஒத்துக்கொண்டார்.

குறித்த நாள் காலை எட்டு மணிக்கு எடைமேடை முள் ஐம்பத்தொரு கிலோ காட்டியது. எடைமேடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய் மாடிப்படி ஏறினாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு மேலறையைப் பார்த்தாள். பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ச் சொம்பு, சுவரில் ஒரு கண்ணாடி. ஆனால் ஜன்னல் வழியே ஊர் முழுக்கத் தெரிந்தது. கொல்லை கொல்லையாகக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. தனக்காக இவ்வளவு பேரா என்று ஒவ்வொரு கொல்லையாகப் பார்த்தாள். கீழே இறங்கும்போது இரண்டிரண்டு படியாகக் குதித்தாள். முன்கூடத்தில் கணவன் சட்டை மாற்றிக்கொண்டு யாருக்கோ காத்திருப்பது கண்ணில் பட்டது. போய்வருகிறேன் என்றாள். அவர் தலையாட்டினார்.

பாலத்தின் முதல் பாதியை அவள் ஏறக்குறைய ஓடியே கடந்துவிட்டாள். அப்போதுதான் தோளில் ஒரு பிடி அவரைக்காய் வந்து விழுந்தது. யாரோ ஒரு பிடிதானே என்று பறித்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு முட்டைக்கோஸ், அது தையல்காரர் வீட்டுத் திசையிலிருந்து. பிறகு ஈரத்துணி, சுள்ளி, உருளைக்கிழங்கு, ஒரு தண்ணீர்க் குடம். தன் ஒரு கூடையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் நினைத்ததால் எல்லாக் கூடையும் நிமிர்ந்தது. பலகை முனகத் தொடங்கியது. நடுக்கல்தூணை எட்டிவிட்டால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று விரைந்து அடி எடுத்துவைத்து அதன்மேல் ஏறினாள். இன்னும் பாதிதான். முட்டைக்கோஸை இறக்கிவிடுவார்கள், கொஞ்சம் பொறுத்தால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். அந்த நேரத்தில் எழுபது கிலோ ஒரே சமயத்தில் இறங்கியது.

அது என்ன என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருடம் அவள் முழங்காலுக்கடியில் கிடந்த கட்டை. ஊருக்கு வெளியேயிருந்து ஒரு பெரிய கடைக்காரர் நூறு கூடை கேட்டு வந்திருந்தார் என்பதும், ஒரு நிமிஷம்தானே என்று கூடைக்காரர் கொக்கியிலிருந்து ஒன்றை இறக்கியதும் அப்புறம் தெரிந்த விஷயங்கள். அவள் பாதம் கல்லுக்குள் கணுக்கால்வரை இறங்கியது. கட்டையை எடுத்ததும் பாரம் குறைந்தது. அவள் ஒரு காலை உருவி வெளியே எடுத்தும்விட்டாள். கடைக்காரருக்கு முதல் தடவை சரியாக நம்பிக்கை வரவில்லையாம். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். இந்தமுறை இரண்டு காலும் முழங்கால்வரை கல்லுக்குள் போயின, போன இடத்தில் கல் மூடிக்கொண்டது.

ஊர் திரண்டு வந்து வருத்தப்பட்டது. யாரோ கவுக்காம விட்டுட்டாங்க என்று எல்லாரும் சொன்னார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. மதியச் சமையலுக்கு நேரமாயிற்று என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் போனதும் மறுபடி கூடைகள் நிறைந்தன. ஒரு பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, தூண் தாங்கும், பலகையை அவள்மேல் படாமல் சுற்றிப் போட்டால் போதும் என்று எழுதிக்கொடுத்தார். அப்படியே போட்டார்கள். மழைக்குத் தலைக்குமேல் ஒரு தகரம் அடித்தார்கள். மறுநாள் கூடைக்காரர் சோறு கொண்டுவந்தார். சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு பொட்டலம் செம்பு ஆணியும் இருந்தது.

"நூறு கூடைக்கு வாக்குக் குடுத்துட்டேன். சும்மாதானே நிக்கிற. வாயில போட்டு ஊறவச்சுக் குடுத்தா, அடிக்கிறத நான் அடிச்சுக்கிறேன்."

அவள் சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்தாள். பிறகு பொட்டலத்தை அவரிடமே நீட்டினாள்.

"உங்க வாயில போட்டுப் பாருங்களேன்."

அவர் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் எச்சிலுக்கும் அந்தக் குணம் உண்டா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நூறு கூடை கேட்ட கடைக்காரர் கைநழுவிப் போனார், பட்டறையைப் பூட்டினார்கள், கூடைக்காரர் மர டிப்போவில் கூலிக்குப் போனார். அத்தனைக்கும் ஓர் ஆணியைக்கூட அவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

மகளுக்கு மூன்றாம் நாள் பிரசவம் ஆனது. எடைமேடைக்காரர் பாலத்துக்கு ஓடிவந்து, பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார். அவள் ஆற்றின் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் ஒரு நாள் பயணம் வர மாதங்கள் ஆகும். தான் கொடுத்த சின்னக் கூடையில் குழந்தையைப் போடுவாள் என்று இவள் காத்திருந்தாள். பூசணிக்காய் வந்தது, செங்கல் வந்தது, யாரோ ஒரு வீட்டுக் கல்லுரல்கூட வந்தது. அது வரவில்லை. குழந்தை பிறந்த நாலாம் நாள் எடைமேடைக்காரரிடம் கேட்டுவரச் சொன்னாள். தொலைபேசியில் மகள் அழுதாளாம். அந்தக் கூடையை அன்றைக்குக் கவிழ்த்தவள் இன்னும் நிமிர்த்தவே இல்லையாம். அம்மா மேலே ஊரே ஏறி உட்கார்ந்திருக்கிறது, நானும் என் பிள்ளையை ஏற்றுவேனா, சாகும்வரை அதை எடுக்கமாட்டேன் என்றாளாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியது இத்தனை பேரில் அவள் ஒருத்திதான். அதுவும் இப்படி வந்து முடிந்தது. இவள் மறுபடி சொல்லியனுப்பினாள். மகள் மறுபடி மாட்டேன் என்றாள். இப்படி ஐந்து நாள் போயிற்று. எடைமேடைக்காரருக்குத் தொலைபேசியும் பாலமுமாக நடந்து கால் வீங்கியது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒரு சுமை விறகுக்கும் அரைக்கூடை ஈர மண்ணுக்கும் நடுவில், சுமார் மூன்று கிலோ வந்தது. முதலில் அவள் கத்திரிக்காய் என்று நினைத்தாள். பிறகு அது உதைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் மேல் வந்து இறங்கிய சுமையில் அசைந்தது அது ஒன்றுதான். கொஞ்சம் புரண்டது, சற்று நேரம் அடங்கிக் கிடந்தது, திரும்பவும் உதைத்தது. அவள் தகரத்தைத் தாங்கும் கம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். குறுக்கே சைக்கிள் தள்ளிக்கொண்டு போனவர், அதிகமாகக் கனக்குதா, யார் வீட்டுச் சாமான் என்று விசாரித்தார். இல்லை, எங்கள் வீட்டுதுதான் என்றாள்.

அதன்பின் தினமும் பத்து மணிக்கு அது வரும், பத்தேகாலுக்குப் போகும். ஊரில் கூடைகளை யாரும் காலி செய்யவில்லை. கேட்டால் எங்க ஒரு கூடையில என்ன ஆகிடப்போவுது என்கிறார்கள். பாலத்து அறிவிப்பில் நடுவில் இடதுபக்கம் ஒதுங்கிச் செல்லவும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எடைமேடைக்காரர் பத்தே இருபதுக்கு நோட்டோடு வந்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார். அவள் கண்ணை மூடி ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"நாலு கிலோ முந்நூறு. இன்னைக்கு ராத்திரி சரியா தூங்கலை போல, ஒரே உதை."

அவர் கிலோவை மட்டும் எழுதிக்கொண்டு போவார்.